அணைக்காத கற்பூரம்

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் நான் சிரித்த முகத்தோடு நின்றிருந்தேன். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். "அழுதுகினு நின்னிருந்தா எவனாவது எரக்கப்பட்டிருப்பான். நீ என்னமோ போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நின்ன" என்பாள். அது சிரிப்பே இல்லை. மனம் கலங்காதவனின் முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துவைத்திருந்தேனோ, அந்த முகம். பல மாதங்களாகப் பழகிவைத்திருந்தேன். என்மேல் திருட்டுப் பழி விழுந்த நேரத்தில் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் வீடு சேவூரில். முன்னறை முழுக்கத் தறி. மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள். அப்பாவும் அம்மாவும் பட்டு நெய்கிறவர்கள், ஆனால் பட்டு எங்களுடையது அல்ல. ஆரணி டவுனில் இருக்கும் முதலாளி பாவு கொடுப்பார். தறியில் நீளவாக்கில் ஏறும் நூல்தான் பாவு. அது தீர்ந்தால் அடுத்ததை அவர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தறி ஓடும், கொடுக்காவிட்டால் நிற்கும். எங்கள் வீட்டில் எல்லாமே அந்த அடுத்த பாவை ஒட்டித்தான் நடக்கும். என் அக்கா கல்யாணத் தேதியைக்கூட அப்படித்தான் வைத்தார்கள்.

குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை உறையில் என்ன எழுதியிருக்கிறது, பஸ் எங்கே போகிறது, கரண்ட் ஆபீசில் என்ன சொல்ல வேண்டும், எதற்கும் "உனுக்குத்தான் தெரியும்" என்பார்கள். சின்ன வயதில் அது பெருமையாக இருந்தது. வளர வளர, தெரியாது என்று சொல்ல எனக்கு வீட்டில் இடமே இல்லை என்பது புரிந்தது.

கம்ப்யூட்டர் படித்து முடித்தேன். வேலை கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஸ்டேட்டஸ் போடுவார்கள். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் ஐடி கார்டு, பிறந்தநாள் கேக். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். நெஞ்சு படபடக்கும். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது காரணமே இல்லாமல் மூச்சு முட்டும். எந்த நிறுத்தமானாலும் இறங்கிவிடுவேன். ஆஸ்பத்திரியில் காட்டினேன். "ஒண்ணுமில்ல, டென்ஷன்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

அப்போதுதான் நூலகத்தில் வேதாந்தப் புத்தகங்கள் இருந்த பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். ஞானம் தேடிப் போகவில்லை. அங்கே அந்த அலமாரிக்கு மேலே இருந்த மின்விசிறி மட்டும்தான் ஓடியது. உட்கார்ந்ததற்கு எதையாவது படிக்க வேண்டுமே என்று ஒன்றை எடுத்தேன். சுலோகம் புரியவில்லை, கீழே இருந்த தமிழ் விளக்கம் பாதி புரிந்தது. புரிந்தவரைக்கும் இதுதான். பயம் வரும், போகும். வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உள்ளே ஒன்று இருக்கிறது. அதற்குப் பயம் இல்லை. நீ அதுதான், இந்தப் படபடப்பு நீ இல்லை.

சேவூர் பஸ்ஸில் அதைச் செய்து பார்த்தேன். மூச்சு முட்ட ஆரம்பித்ததும், 'சரி, முட்டுகிறது, பார்க்கிறேன்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். முட்டியது. கொஞ்ச நேரத்தில் விட்டது. இறங்காமல் வீடு வரை வந்து சேர்ந்தேன். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அன்று அழுகை வந்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் யாரோ கண்டுபிடித்தது, கூட்டமான டவுன் பஸ்ஸில் என்னை வந்து பிடித்துக்கொண்டதே என்று. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. இந்தக் கதையில் நடந்த எதுவும் அதைப் பொய்யாக்கவில்லை.

என் நண்பன் முள்ளிப்பட்டுக்காரன். கல்லூரியில் ஒரே வகுப்பு. அவனுக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஆரணி பஜார் சந்தில் ஒரு மாடி அறை பிடித்து, பழைய கம்ப்யூட்டர்களை வைத்துச் சேலை டிசைன் போட ஆரம்பித்தோம். பார்டரில் என்ன பூ வர வேண்டும், எத்தனை இழைக்கு ஒரு இலை என்று கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். அதை வைத்து அட்டையில் துளை குத்தித் தறிக்கு மேலே ஏற்றுவார்கள். பூ தானாகச் சேலையில் விழும். இரண்டு பேருமே நெசவுக்கார வீட்டுப் பிள்ளைகள் என்பதால் தறிக்கு எது ஒத்துவரும், எது வராது என்று தெரியும். வேலை மெல்ல வர ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவோம். நான் அன்று படித்ததைச் சொல்வேன். அவன் கேட்பான். அவனைப் போலக் கேட்பவர்கள் கிடைப்பது கஷ்டம். பாதியில் நிறுத்தி, "இரு இரு, திருப்பி சொல்லு" என்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் சும்மா இருப்போம். கீழே பஜாரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"டேய் சாமியாரு, ஹாரன் சத்தத்தையும் பாத்துகினே இருக்கணுமா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பான்.

"ஆமாண்டா."

"அந்த மினி லாரிக்காரன மட்டும் ஒரே ஒரு அறை உட்டுட்டு வந்து பாக்கறேன்டா."

சிரிப்போம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்தத் தொட்டி நிழலில் எனக்கு ஒருவன் கிடைத்தான் என்று நினைத்திருந்தேன்.

என் அப்பாவுக்குப் பாவு கொடுக்கும் முதலாளியே அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களிடம் டிசைன் கேட்டார். அன்னம், யாளி, மாங்காய் எல்லாம் எல்லோரும் போடுகிறார்கள், புதிதாக ஏதாவது வேண்டும் என்றார். நான் முருங்கைப் பூ போட்டேன். கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ, நடுவில் சின்னச் சின்ன இலை. முதலில் போட்டதில் கொத்தின் நுனி மொட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தேள் கொடுக்கு மாதிரி இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, நேராக்கி வேறு போட்டேன். அதைத்தான் அட்டை குத்தக் கொடுத்தோம். முதலாளி பார்த்துவிட்டு, "தம்பி, இது கல்யாண வீட்ல நிக்கும்" என்றார். அவருடைய தறிகளில் எல்லாம் முருங்கைப் பூ ஏறியது. எங்கள் வீட்டுத் தறியிலும். அப்பா நெய்யும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால், "பையன் போட்டது" என்று தலையைத் தூக்காமலே சொல்வார்.

இந்த ஊரில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு முதலாளி கேட்டுப் போட்ட டிசைனை அந்த சீசன் முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. குறிப்பாக விசைத்தறிக்கு. கைத்தறியில் ஒரு சேலை இறங்குவதற்குள் விசைத்தறி ஊருக்கே உடுத்திவிடும். அப்புறம் பட்டுச் சேலையை யார் வாங்குவார்கள்?

தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலை முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். அவர் எங்கள் அறைக்கு வந்ததே இல்லை. மூச்சு வாங்கியது. செல்போனை என் மேசைமேல் வைத்தார். ஏதோ கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்ட படம். விசைத்தறிச் சேலைகள் அடுக்கடுக்காக. பார்டரில் முருங்கைப் பூ.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி மொட்டு சாய்ந்திருந்தது. தேள் கொடுக்கு.

சேலையைப் பார்த்துக் காப்பியடித்திருந்தால் மொட்டு நேராக இருந்திருக்கும். சாய்ந்த மொட்டு எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. இது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். நான் கொடுக்கவில்லை. திரும்பி நண்பனைப் பார்த்தேன். அவன் தன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கிரீன் அணைந்திருந்தது.

"உங்க ரெண்டு பேர்ல எவன்டா?" என்றார் முதலாளி.

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குள் கோபம் குபுகுபுவென்று வந்தது. வந்ததும் பழக்கப்படி அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கோபம் வருகிறது, நான் அதில்லை. அவனே சொல்லட்டும், அவகாசம் கொடு. பழி சொல்வது என் வேலை இல்லை. இப்படியே உள்ளே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவனும் பேசவில்லை.

"வாய தொறக்க மாட்டீங்க. சரி. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க, ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கோயிலுக்கு வா என்றால் எதற்கென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். எங்கள் தெருக்கோடி அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "நான் செய்யல" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. போலீஸ், பஞ்சாயத்து எதற்கும் போகாத சண்டைகள் இங்கே அப்படித்தான் தீர்கின்றன. பொய்ச் சத்தியம் செய்தவன் கை வெந்துபோகும் என்பார்கள். வெந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பொய்யாக அணைக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். முதலாளி, அவர் தறிக்காரர்கள் சிலர், என் அப்பா, அம்மா, தெருப்பெண்கள். பூசாரி வெற்றிலைமேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்.

நண்பன்தான் முதலில் போனான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "நான் குடுக்கல" என்று தெளிவாகச் சொன்னான். உள்ளங்கையைக் கவிழ்த்தான். புகை மட்டும் மேலே போனது. கையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினான். நடுவில் கொஞ்சம் கரி, அவ்வளவுதான்.

அவன்தான் செய்தான் என்பது அதுவரை என் கணக்கு. அவன் வாய் திறந்து பொய் சொன்னதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

பூசாரி அடுத்த கற்பூரத்தை ஏற்றினார். நான் போகவில்லை.

"போ தம்பி" என்றார் முதலாளி.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க" என்றேன். "நான் செய்யலங்கறது எனக்குத் தெரியும். உள்ள இருக்கறதுக்குத் தெரியும். வெளியில நிரூபிக்கணும்னு இல்லீங்க."

நான் அதை மனதார நம்பித்தான் சொன்னேன். உண்மை எனக்குள் இருக்கும்போது அதைக் கற்பூரத்தில் கொண்டுபோய்க் காட்டுவது உண்மைக்கே அவமானம் என்று நினைத்தேன். இகழ்ச்சி வந்தால் வரட்டும், அதையும் பார்ப்போம் என்று அந்த முகத்தோடு நின்றேன்.

கூட்டத்தில் ஒருத்தி வாயில் கை வைத்தாள். "பாத்தியாடி, படிச்ச புள்ள சாமிக்கே பாடம் எடுக்குது."

"பாடம் இல்லக்கா, பயம்" என்றாள் இன்னொருத்தி.

"அணைக்கிறவன் அணைச்சிட்டான். நிக்கிறவன் நிக்கிறான். இதுக்கு மேல இன்னாய்யா வேணும்?" என்று ஒரு தறிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவைக் காணோம்.

மறுநாள் மாடியில் அவனிடம் கேட்டேன். "ஏன்டா குடுத்த?"

அவன் மறுக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அந்த பவர்லூம்காரரு வருஷம் பூரா வேலை தரேன்னாரு. மொதல்ல ஒரு டிசைன் காட்டுன்னாரு. நீ வேணாம்னு தள்ளின ஃபைலு தானடா அது. இவ்ளோ பேஜாராவும்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"சொல்லியிருக்கலாம்ல, முதலாளிகிட்ட."

"சொல்லிட்டு? அப்புறம் ஆரணியில எவன்டா என்ன வாசல்ல சேப்பான்?"

"கோயில்ல கை வச்சியேடா."

"அது வெறும் கற்பூரம்டா" என்றான். "நீதான சொன்ன."

சொல்லியிருந்தேன். ஆடி மாதம் கீழே தீமிதிக்குப் போகும் கூட்டம் மேளத்தோடு போய்க்கொண்டிருந்தபோது, இதே தொட்டி நிழலில், கற்பூரம் என்பது ஒரு பொருள், அதற்கு அர்த்தம் கொடுப்பது நம் மனம்தான், தெய்வம் வெளியே இல்லை என்று விளக்கியிருந்தேன். அப்போது அவன், "அப்ப பொய் சத்தியம் பண்ணா ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டான். தன்னை அறிந்தவனுக்குப் பொய்யே வராது, அவன் இயல்பே சத்தியம் என்று நான் வெகுநேரம் பேசினேன். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அவனுக்கு முதல் பாதி போதுமாக இருந்திருக்கிறது.

"உனுக்கு இன்னாடா, புகழு இகழு ரெண்டும் ஒண்ணு. உன்ன எது தொடும்? எனுக்கு அப்பிடி இல்ல, எல்லாம் தொடும். அதான் அணைச்சேன்." கிண்டல் செய்யவில்லை. அவன் குரலில் என்மேல் மரியாதைகூட இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்ல பாவு நின்னுடும்டா."

என் தோளில் கை போட்டான். "பலன நெனக்காதடா. நீயே இப்பிடி கலங்கினா எப்பிடி?"

அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் அது என் தோளிலேயே இருந்தது.

தறியில் இருந்த பாவு தீர்ந்தது. கடைசிச் சேலையை அறுத்தார்கள். அப்பா அதை மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். சேலையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "வரும்போது சொல்றோம்னாங்க" என்றார் அம்மாவிடம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலிலிருந்து வந்த நாள் முதலாக அவர் என்னிடம் பேசவில்லை. சோறு போடும்போது, "அவனுக்குப் போடு" என்று அம்மாவிடம் சொல்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

நான் காலையில் எழுந்து உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். எண்ணங்களைப் பார்த்தேன். கோபத்தைப் பார்த்தேன். எதிரே தறி நூல் இல்லாமல் நின்றது. அதையும் பார்த்தேன். எதுவும் போகவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "நீ குடுத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் அணைக்கல?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வெளிச்சடங்கு, உள்ளே இருக்கும் சாட்சி, கலங்காத மனம். குடம் நிறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் உள்ள கீறவன் வந்து தறிக்குப் பாவு ஏத்துவானா?"

"அதில்லம்மா..."

"இரு. அன்னிக்கு நீ நிக்கசொல்ல உன் மனசு நிம்மதியா இருந்திச்சா?"

யோசித்தேன். "இருந்துச்சு."

"எனுக்கு இல்ல. உங்க அப்பனுக்கு இல்ல. வீட்ல மூணு பேரு கீறோம்டா" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்பா நான் செஞ்சேன்னு நெனக்கிறாரா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குழாயை மூட மறந்து நின்றேன். பின்னால் வந்தவள் திட்டினாள்.

நண்பன் செய்தது ஒரு வெட்டு. இது வேறு. ஊரே நம்பாவிட்டாலும் 'பையன் போட்டது' என்று சொன்ன மனிதர் நம்புவார் என்று என்னையறியாமல் ஒரு பிடி வைத்திருந்தேன். பற்றே இல்லை என்று நினைத்தவனுக்கு அந்தப் பிடி மட்டும் இருந்திருக்கிறது. அது விட்டபோதுதான் தெரிந்தது.

அன்றே முதலாளி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சாய்ந்த மொட்டு, தள்ளிவைத்த ஃபைல், விசைத்தறிக்காரர் சொன்ன வேலை, மாடியில் நண்பன் ஒத்துக்கொண்டது. முதன்முறையாக அவன் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கசந்தது.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார்.

"அவனே சொல்லுவான்னு இருந்தேங்க."

"அவன் சொல்லுவான்னு நீ இருந்த. நீ சொல்லுவன்னு நான் இருந்தேன்." செல்போனைத் திருப்பி வைத்தார். "தம்பி, உன் உள்ள இன்னா கீதுன்னு நான் எட்டிப் பாக்க முடியுமா? நீ படிச்சவன், உனுக்கு ஆயிரம் தெரியும். எனுக்குத் தெரிஞ்சது அம்மன்தான். எனுக்குப் புரியற மாதிரி சொல்லு. அவ்ளோதான் நான் கேட்டேன். நீ என்னமோ நான் உன்ன அவமானப்படுத்திட்ட மாதிரி நின்னுகினு இருந்த."

அவர் நியாயம் முழு நியாயம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பொய்யனின் கையை நம்பியவர் அவர். ஆனால் நான் யாருக்கும் புரியாத ஒரு மொழியில் உண்மையை வைத்துப் பூட்டிவிட்டு, எல்லோரும் வந்து திறக்கட்டும் என்று நின்றிருந்தேன் என்பது அங்கே உறைத்தது. கோபத்தை விலகி நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். நடந்ததை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். இதை எந்தப் புத்தகமும் மறுக்கவில்லை. நான்தான் எனக்கு வசதியாகப் படித்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனேன். அப்பா வரவில்லை. முதலாளி வந்திருந்தார். போன வாரம் இருந்த அதே பெண்கள்.

"இப்ப மட்டும் சாமி வந்துட்டாளா கண்ணு?"

"பாடம் முடிஞ்சிடுச்சா வாத்தியாரே?"

அம்மா திரும்பி, "உன் வூட்டு நாயத்த நான் பேச ஆரம்பிச்சா ராத்திரி ஆயிடும், கம்முனு இருடி" என்றாள். பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கற்பூரம் ஏற்றினார்.

அது வெறும் கற்பூரம்தான். அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கிட்டே போனதும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் அம்மா கண்ணை மூடி, உதடு அசைய, முழு உடம்போடு நின்றிருந்தாள். அவளுக்கு அது வெறும் கற்பூரம் இல்லை. என் கைக்குக் கீழே அவள் நம்பிக்கை எரிந்துகொண்டிருந்தது. "நான் குடுக்கல" என்றேன். கவிழ்த்த கை சரியாக மூடவில்லை, விரலிடுக்கில் சுட்டது. இரண்டாவது முறை அழுத்தி அணைத்தேன். பொய் சொன்ன அவன் கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்று அப்போது நினைத்தேன். அவனை நான் அதற்கு முன்னால் வெறுக்கவில்லை. அந்த இடத்தில்தான் வெறுத்தேன்.

முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ரெண்டு பேரும் அணைச்சிட்டானுங்க. எவன்னு அவ பாத்துப்பா. இதோட உடுங்க." அதுதான் தீர்ப்பு. நான் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. சில நாளில் எங்கள் வீட்டுக்குப் பாவு வந்தது. டிசைன் வேலை எங்கள் அறைக்கு அப்புறம் வரவேயில்லை. அவன் விசைத்தறிக்காரரிடம் போய்ச் சேர்ந்தான். நான் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பட்டுக் கடையில் ஆன்லைன் ஆர்டர் பார்க்கிறேன். சேலைப் படங்களை ஏற்றும்போது பார்டரைத்தான் முதலில் பார்க்கிறேன். பழக்கம்.

காலையில் உட்காருவதை விடவில்லை. பஸ்ஸில் மூச்சு முட்டினால் இன்றும் அதே வழிதான், இன்றும் உதவுகிறது. கண்ணை மூடினால் சில நாள் அவன் முகம் வரும். போகச் சொல்வதில்லை. அமைதி என்று எதற்குப் பெயர் வைத்திருந்தேனோ அது இப்போது என்னிடம் இல்லை. முன்பு இருந்ததும் அதுதானா என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு காலை. அப்பா தறியில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஏதோ வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். சுவரோரப் பலகையில் செல்போனை வைத்து வாய்ஸ் மெசேஜ் கேட்டுக்கொண்டே நெய்துகொண்டிருந்தார். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "நெனப்பு வரும், போவும். அத பாத்துகினு உள்ள ஒருத்தன் கீறான்" என்று செல்போனில் குரல் பேசியது. இதமான குரல். நடுவில் நிறுத்தி, "திருப்பி சொல்றேன், கேளுங்க" என்றது.

அவன்தான். தினமும் காலையில் மன அமைதிக்கு என்று பேசி அனுப்புகிறானாம். ஊரில் நிறையப் பேர் கேட்கிறார்களாம். தண்ணீர்த் தொட்டி நிழலில் நான் சொன்ன வாக்கியங்கள், நான் சொன்ன வரிசையிலேயே வந்தன. ஹாரன் சத்தத்தைப் பற்றிய உதாரணம்கூட.

"யாரோ புள்ள, நல்லா பேசுது. மனசுக்கு எதமா கீது" என்றார் அப்பா, குறுக்கு நூல் நாடாவை ஓடவிட்டபடி. இப்போதெல்லாம் அவர் என்னிடம் பேசுகிறார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தேன். பேசாமல் போயிருக்கலாம்.

"அவன்தான்பா அது" என்றேன். "அத நிறுத்து."

அப்பாவின் கை நின்றது. குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அவர் செல்போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். எழுந்து போய் அதை அணைத்தார். எப்படி அணைப்பது என்று சரியாகத் தெரியாமல் கண்டபடி அழுத்தினார். குரல் நின்றதும் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டு போ. பஸ் போனா அடுத்த பஸ் வரும்" என்றார் என்னிடம்.